புதுப்பிப்பு: அப்பாவின் பார்கின்சனும் மறதியும்

பார்கின்சன் உள்ள அப்பா பேச்சின் நடுவே சொல் வராமல் நிற்கிறார், மாத்திரை போட்டதையே மறக்கிறார், இது வயதா, நோயா, மருந்தா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இப்போது ஓரளவு தெளிவு கிடைத்திருக்கிறது.

நரம்பியல் மருத்துவர் மோக்கா சோதனை செய்தார், நினைவையும் சிந்திக்கும் திறனையும் அளக்கும் சிறு சோதனை அது. மொத்தம் 30 மதிப்பெண். 26-க்குக் கீழே வந்தால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. அப்பா எடுத்தது 22. கடிகாரம் வரைவதில்தான் ரொம்பத் தடுமாறினார். நினைவில் வைக்கச் சொன்ன ஐந்து சொற்களில் இரண்டுதான் தானாக நினைவுக்கு வந்தன. ஆனால் "அது ஒரு பூ" என்பதுபோல் குறிப்புக் கொடுத்ததும் மற்றவற்றையும் சொல்லிவிட்டார்! அல்சைமர் என்ற மறதி நோயில் புதிய செய்தி மனதில் பதிவதே கெடுவதால் குறிப்பு அவ்வளவாக உதவாதாம். பார்கின்சனில் பெரும்பாலும் பதிந்துவிடுகிறது, திரும்ப எடுப்பதுதான் சிரமம். எனக்கு இது பெரிய ஆறுதல்.

அப்புறம், நடுக்கத்துக்காக நெடுநாளாக எடுத்துவந்த ட்ரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை. நினைவுக்குத் தேவையான அசெட்டில்கோலின் என்ற மூளை வேதிப்பொருளின் வேலையை அது தடுப்பதால் வயதானவர்களுக்கு நினைவைக் குழப்பக்கூடியது. மருத்துவர் சொல்படி மெதுவாகக் குறைத்துவருகிறோம். சட்டென்று நிறுத்துவது ஆபத்து, தயவுசெய்து யாரும் தாமாகச் செய்யாதீர்கள்.

பி12, தைராய்டு இரண்டும் சரியாக இருக்கின்றன. அன்றாட வேலைகளை அவரே செய்துகொள்வதால் இது டிமென்ஷியா இல்லை, லேசான அறிதிறன் குறைபாடுதான் என்றார் மருத்துவர். டிமென்ஷியாவுக்குக் கொடுக்கும் ரிவாஸ்டிக்மின் மருந்து இப்போதைக்கு வேண்டாமாம்.

வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம். அவர் வாக்கியத்தை அம்மா முடித்துவைப்பதை நிறுத்தியதிலிருந்து அப்பா அதிகமாகவே பேசுகிறார். ஆறு மாதம் கழித்து மறுசோதனை. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.