மூன்றாம் வரம்பு உமிழ்வுக் கணக்கில் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிறுவனத்தின் முதல் கார்பன் கணக்கை ஜிஎச்ஜி புரோட்டோகால் (பசுமை இல்ல வாயு உமிழ்வைக் கணக்கிடும் சர்வதேச நெறிமுறை) முறைப்படி தயாரித்துக்கொண்டிருக்கிறேன். முதல் வரம்பு, அதாவது எங்களது நேரடி உமிழ்வு, சிக்கலின்றி முடிந்தது. ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல் லிட்டர் கணக்கில் இருந்தது. லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று பெருக்கிவிட்டேன். இரண்டாம் வரம்புக்கு, அதாவது வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வுக்கு, மின்கட்டண ரசீதுகள் கைகொடுத்தன.

எங்கள் தொழிலுக்காகப் பிறரிடம் ஏற்படும் உமிழ்வைச் சேர்க்கும் மூன்றாம் வரம்பில்தான் திணறுகிறேன். அதன் 15 பிரிவுகளில் எங்களுக்குப் பெரியவை வாங்கும் பொருள்களும் சரக்குப் போக்குவரத்தும். இப்போது என் மேசையில் இருக்கும் லாரி பில்லில் ‘சரக்குக் கட்டணம்’ என்று ஒரே வரி, எதிரே ஒரு தொகை. எத்தனை டன், எத்தனை கிலோமீட்டர் என்று எதுவுமில்லை. செலவுத் தொகையை வைத்தும் கணக்கிடலாம் என்று நெறிமுறை அனுமதிக்கிறது. ஆனால் வாடகை உயர்ந்தாலே உமிழ்வும் உயர்ந்ததாகக் காட்டும். வண்டி ஓட்டத்தைக் குறைத்திருந்தாலும் அது தெரியாது. உண்மையாகக் குறைத்ததைக் காட்டாத கணக்கில் கையெழுத்திட எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்களிடம் பொருள் வாங்கும் நிறுவனம் ஐஎஃப்ஆர்எஸ் எஸ்2 என்ற காலநிலை அறிக்கைத் தரநிலையைப் பின்பற்றுகிறது. எங்கள் எண்தான் அவர்கள் அறிக்கைக்குள் போகும்.

டன், கிலோமீட்டர் விவரங்களைச் சிறிய லாரி உரிமையாளர்களிடமிருந்து எப்படிப் பெற்றீர்கள்? சிலருக்கு உண்மை விவரம், மற்றவர்களுக்குச் செலவுத் தொகை என்று கலந்து கணக்கிட்டதைத் தணிக்கையாளர் ஏற்றுக்கொண்டாரா? பிறகு நல்ல விவரம் கிடைத்து அடிப்படை ஆண்டின் (பிந்தைய ஆண்டுகளை ஒப்பிட எடுத்துக்கொள்ளும் ஆண்டு) கணக்கைத் திருத்தியவர்கள் இருந்தால், உங்கள் அனுபவத்தை அவசியம் எழுதுங்கள். நீங்கள் பயன்படுத்திய படிவம் இருந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.