புதர் சால்வியா அடியில் மொட்டையாகிவிட்டது, எவ்வளவு வெட்டலாம்?

தொட்டிச்செடி:
ஹாட் லிப்ஸ் சால்வியா (சிவப்பும் வெள்ளையும் கலந்து பூக்கும் ரகம்), மூன்று வயது, 14 அங்குலத் தொட்டி. கீழே ஒரு அடிக்கு வெறும் கட்டை, இலையும் பூவும் நுனியில் மட்டும். தரையோடு வெட்டினால் துளிர்க்குமா? மாதம் ஒருமுறை யூரியாக் கரைசல், நாலு மணி நேர வெயில். இப்போது பூவும் வெள்ளை போய் முழுச் சிவப்பாக வருகிறது, இது நோயா?

கவாத்துக்கத்தரி:
தரையோடு வேண்டாம். பட்டை கட்டிய பழைய கட்டை துளிர்ப்பது சந்தேகம். ஒவ்வொரு குச்சியையும் நுனியிலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வாருங்கள். உயிருள்ள பச்சைத் துளிர்மொட்டு தெரியும் கடைசிக் கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். சில குச்சியில் பாதி போகும், சிலதில் கால்வாசிதான். குளிர் விலகித் துளிர் கிளம்பும் சமயமே சரி. குளிருக்கு முன் வெட்டினால் இளந்தளிர் கருகும். மற்ற சமயங்களில் பூத்து ஓய்ந்த கதிர்களை மட்டும் கிள்ளுங்கள்.

மண்வெட்டி:
முதலில் யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து மிஞ்சினால் தண்டு நீண்டு தொய்ந்து, காற்றில் பட்டென்று முறியும், இலைதான் மிஞ்சும். நாலு மணி வெயில் போதாது, ஆறு மணி நேரமாவது வேண்டும்.

தண்ணீரில்தான் பலர் செடியைக் கொல்கிறார்கள். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றினால் கதை முடிந்தது. இரண்டு அங்குல ஆழம் காய்ந்த பிறகே தண்ணீர். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பருமணலோ பெர்லைட்டோ (மண்ணைப் பொலபொலப்பாக்கும் வெள்ளைத் துகள்) இருக்கட்டும், தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள்.

தொட்டிச்செடி:
பச்சை மொட்டே இல்லாத குச்சிகளை?

பதியன்:
இப்போதைக்கு விட்டுவையுங்கள், துளிர்க்காவிட்டால் பிறகு அடியோடு எடுக்கலாம். அதற்குள் மாற்றுச் செடி தயார் செய்யுங்கள். பூக்காத நுனியில் 3–4 அங்குலம், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழிலைகளை உருவிவிட்டு, கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) மணலும் சரிபாதி கலந்து நடுங்கள். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் மூன்று நாலு வாரத்தில் வேர் விடும். வளரத் தொடங்கியதும் மூன்று கணு விட்டு நுனியைக் கிள்ளிவிடுங்கள். இளமையில் கிள்ளாமல் விட்ட செடிதான் இப்படிக் கீழே மொட்டையாகிறது.

பூ நிறம் நோயல்ல. வெப்பம் கூடினால் இந்த ரகம் முழுச் சிவப்பாகப் பூக்கும், தணிந்ததும் வெள்ளை திரும்பும்.