முட்டையில் சால்மோனெல்லா பாசிட்டிவ், என்ன மருந்து கொடுக்கலாம்? அவசரம்

பெகு_பண்ணை:
எல்லாருக்கும் வணக்கம். ரங்கூன்ல ஒரு கேக் கடைக்கு முட்டை போடுறோம். கடைக்காரங்க டெஸ்ட் எடுத்துட்டு, சால்மோனெல்லா (வயித்துப்போக்கு, காய்ச்சல் கொண்டுவர்ற கிருமி) பாசிட்டிவ்னு சொல்லி லோடை நிறுத்திட்டாங்க. கோழி எல்லாம் நல்லாத்தான் இருக்கு, தீனி எடுக்குது, முட்டையும் குறையல. என்ரோஃப்ளாக்சசின் ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தண்ணியில கலந்து குடுக்கலாமா? எத்தனை நாள் குடுக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க.

தட்டோன்_வெட்:
மருந்தைத் தொடாதீங்க தம்பி. முதல்ல இதைச் சொல்லுங்க: எத்தனை கோழி, எத்தனை வாரம்? கூண்டா, தரைக்கூளமா? கடைக்காரங்க எதை டெஸ்ட் பண்ணாங்க, முட்டையோட வெளி ஓட்டையா, உள்கருவையா? ரிப்போர்ட்ல எந்த வகைனு போட்டிருக்கா? குடிதண்ணி எங்கேருந்து வருது?

தீவனக்காரர்:
இவ்வளவு கேட்கவே வேணாம், மீன்தூள்தான். கடலோரத்துல தரையில கொட்டிக் காயவைக்கிறப்ப காக்கா, நாய், எலி எல்லாம் அதுமேல போகுது. காஞ்ச தூள்ல சால்மோனெல்லா வளராது, ஆனா சாகாம மாசக்கணக்கா கிடக்கும். தவிடு, குருணை, எள்ளுப் புண்ணாக்கோட கலந்து ஈரம் பட்டா மறுபடி பெருகும். ஃபார்மிக், புரோப்பியானிக் அமிலக் கலவை டன்னுக்கு 3 கிலோ, அதாவது 100 வீசை (சுமார் 163 கிலோ) தீனிக்கு அரை கிலோ கலந்து பாருங்க.

எலிப்பொறி:
தீனி மேல பழி போட்டுட்டு எலியை விட்டுடாதீங்க அண்ணே. ஒரு எலிப் புழுக்கையிலேயே லட்சக்கணக்குல கிருமி இருக்கலாம். தீனித் தொட்டியில புழுக்கை விழுந்தா எந்த அமிலம் போட்டும் பிரயோசனம் இல்ல. சுண்டெலி நுழையக்கூடாதுன்னா வலைக்கண் 6 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது. ராத்திரி தொட்டியில தீனி மிச்சம் வைக்காதீங்க.

மூத்த_உறுப்பினர்:
மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே கேள்வி வருகிறது. தேடிப் பார்த்துவிட்டு எழுதினால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். இன்னொரு முறை சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் எச்சத்தில் கிருமி வெளியேறுவது கொஞ்ச நாள் நிற்கும், டெஸ்ட்டும் நெகட்டிவ் காட்டும். குடலிலும் ஈரலிலும் ஒளிந்திருப்பது மருந்தை நிறுத்தியதும் திரும்பி வரும். அதற்குள் குடலின் நல்ல கிருமிகளும் போயிருக்கும், மருந்துக்கு அடங்காத வகை தங்கிவிடும். முட்டையில் மருந்தின் மிச்சமும் தங்கும். சால்மோனெல்லாவைக் கட்டுப்படுத்தும் வழியாகக் கோழிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை ஐரோப்பாவில் 2006-லேயே விதி போட்டுத் தடுத்தார்கள், சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

ஆய்வகத்_தம்பி:
ஐயா சொல்றது சரி. ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு சந்தேகம்: அது உறுதியான பாசிட்டிவா? கிருமி வளர்க்கிற எக்ஸ்.எல்.டி. தட்டுல கறுப்பு நடுப்புள்ளி வந்தா மட்டும் போதாது, புரோட்டியஸ்ங்கற வேற கிருமியும் சிலசமயம் அப்படித்தான் தெரியும். முறைப்படி பெப்டோன் நீர்ல (கிருமி வளர்க்கிற திரவம்) 37 டிகிரியில 18 மணி நேரம், பிறகு சால்மோனெல்லாவை மட்டும் பெருக்க 41.5 டிகிரியில செறிவூட்டல், பிறகு தட்டு, கடைசியா உயிர்வேதி, சீரம் சோதனை. சால்மோனெல்லாவுல 2,500-க்கும் மேல வகைகள் இருக்கு. அதுல என்டெரிட்டிடிஸ்ங்கற வகைதான் முட்டைக்கு ரொம்ப ஆபத்து: சினைப்பை, முட்டைக்குழாய் வழியா ஓடு உருவாகறதுக்கு முன்னாடியே உள்ளே போயிடும், கோழி நோயே காட்டாது. கோழி கொத்துக்கொத்தா செத்தா அது காலினேரம்ங்கற இன்னொரு வகை, வேற கதை. ரிப்போர்ட்டை முழுசா டைப் பண்ணிப் போடுங்க.

பெகு_பண்ணை:
1,200 கோழி, 38 வாரம், கூண்டு. கூண்டு மீன்குளத்து மேல இருக்கு. தண்ணி அதே குளத்துலேருந்து டாங்குக்கு ஏத்துறோம். ரிப்போர்ட்ல ஓடு பாசிட்டிவ், வகை போடல. முட்டையை நல்லா கழுவித்தான் அனுப்புறோம்.

தட்டோன்_வெட்:
இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும். எச்சம் குளத்துல விழுது, அந்தத் தண்ணியைக் கோழி குடிக்குது, அதே தண்ணியில முட்டையைக் கழுவுறீங்க. வட்டம் முழுசாச்சு.

மோல்மேன்_மீனவன்:
குளத்து மேல கூண்டு வைக்கிறது காலங்காலமா நடக்குது. மீனுக்கு எரு, கோழிக்கு இடம். அதையெல்லாம் தப்புன்னு சொல்லாதீங்க.

தட்டோன்_வெட்:
கூண்டைப் பிரிக்கச் சொல்லல. தண்ணியைப் பிரிக்கச் சொல்றேன். ஆழ்குழாய்த் தண்ணி வேணும். அது வர்ற வரைக்கும் குளத்துத் தண்ணியை வேற தொட்டியில படிகாரம் போட்டுத் தெளிய விடுங்க, 1,000 லிட்டருக்குச் சுமார் 30 கிராம். தெளிஞ்சதை மட்டும் எடுத்து 30 சதவீத பிளீச்சிங் பவுடர் 10 கிராம் கலந்தா 3 பி.பி.எம். (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) குளோரின் கிடைக்கும், அரை மணி நேரம் விடுங்க. கலங்கல் தண்ணின்னா அழுக்கே குளோரினைத் தின்னுடும். அதனால அளவைத் தொட்டியில பார்க்காதீங்க, கடைசி நிப்பிள்ல (கோழி குடிக்கிற குழாய்முனை) பாருங்க, அங்க 2-லேருந்து 3 இருக்கணும். தண்ணியோட பி.எச். (அமில-கார அளவு) 8-க்கு மேல போனா குளோரினோட வேகம் ரொம்பக் குறைஞ்சிடும். மழைக்காலத்துல மூட்டை பிரிச்ச பவுடர் சீக்கிரம் சத்து இழக்கும்.

சுத்தம்_முக்கியம்:
முட்டையைக் கழுவுறது நல்லதுதானே? அமெரிக்காவுல கடைக்கு வர்ற முட்டை பெரும்பாலும் கழுவினதுதான்.

மூத்த_உறுப்பினர்:
அமெரிக்காவில் எப்படிக் கழுவுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். தண்ணீர் குறைந்தது 32 டிகிரி, அதோடு முட்டையைவிட 11 டிகிரி சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த நீர் பட்டால் உள்கரு சுருங்கும், ஓட்டின் நுண்துளை வழியாக வெளியழுக்கை உள்ளே இழுக்கும். கழுவியபின் 7 டிகிரிக்குக் கீழே வைத்தே ஆக வேண்டும். ஐரோப்பாவில் முதல்தர முட்டையைக் கழுவவே கூடாது, ஓட்டின் மேல்படலம் போய்விடும் என்பதால்.

சுத்தம்_முக்கியம்:
அப்படின்னா எச்சம் ஒட்டின முட்டையை அப்படியே கடைக்கு அனுப்பணுமா? ஐரோப்பாவுல முட்டை அழுக்காகாத கூண்டு இருக்கு. நம்ம ஊர்ல?

மூத்த_உறுப்பினர்:
அழுக்கு முட்டையைத் தனியாக ஒதுக்குவது பண்ணைக்காரர் வேலை. கூண்டின் அடிக்கம்பிச் சரிவைச் சரிசெய்தால் முட்டை உடனே உருண்டு வெளியே வந்துவிடும். அது முடியாது என்பவர் கோழியே வளர்க்கக் கூடாது.

தீவனக்காரர்:
இப்படிப் பேசினா புதுசா வர்றவங்க யாரும் இங்க கேள்வியே கேட்க மாட்டாங்க. கரண்ட் எப்ப போகும்னு தெரியாத ஊர்ல 7 டிகிரிக்கு எங்கே போறது? கழுவாம, உலர்ந்த துணியால துடைச்சு, அதிக அழுக்கானதை ஒதுக்கினா போதும். அட்டை ட்ரே சந்தையிலேருந்து திரும்பி வரவே கூடாது. இன்னும் சொல்றேன், மீன்தூளையும் டெஸ்ட் பண்ணுங்க.

எலிப்பொறி:
எலியையும்.

தட்டோன்_வெட்:
சண்டையை விடுங்க, தம்பிக்கு வேலை இருக்கு. கடை கடையா முட்டை போகுது, வாங்குறவங்க வீட்டுல குழந்தைங்க இருப்பாங்க, அதை நினைச்சுக்கங்க. குளோரின் தொடங்கறதுக்கு முன்னாடியே ஆய்வகத்துக்கு மாதிரி எடுத்துடுங்க: எச்சம் 150 கிராம் வீதம் இரண்டு, வெவ்வேறு வரிசைலேருந்து, கூடவே நிப்பிள் தண்ணி, மீன்தூள். வகை தெரியணும்னு எழுதிக் குடுங்க. முடிவு வர்ற வரைக்கும் கிரீம், மயோனைஸ் மாதிரி பச்சையா சேர்க்கிற இடத்துக்கு ஒரு முட்டையும் போகக்கூடாது. மொகிங்காவுக்கு (மீன்குழம்பு நூடுல்ஸ்) முட்டையைக் கெட்டியா வேகவைக்கிற கடைக்குப் போகலாம், உள்கரு 70 டிகிரியில 2 நிமிஷம் வெந்தா கிருமி சாகும். ஆனா வாங்குறவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லித்தான் குடுக்கணும். என்டெரிட்டிடிஸ்னு வந்தா இந்தக் கோழிக் கூட்டத்தையே அழிச்சிடறதுதான் வழி. எருவை முழுசா வாரி, சோப்பு நீர்ல கழுவி, காயவிட்டு, அதுக்கப்புறம்தான் கிருமிநாசினி. அழுக்கு மேல தெளிச்சா எதுவும் சாகாது. அடுத்த குஞ்சுகளுக்குத் தடுப்பூசி முதல் நாள், 6-8 வாரம், 16 வாரம். தண்ணியில உயிர்த் தடுப்பூசி குடுக்கிறப்ப முந்தின நாளே குளோரினை நிறுத்திடணும், இல்லன்னா தடுப்பூசியில இருக்கிற உயிர்க்கிருமி செத்துடும்.

பெகு_பண்ணை:
கழுவறதை நிறுத்தியாச்சு. மாதிரி குடுத்தாச்சு. பிளீச்சிங் போட ஆரம்பிச்சிட்டோம். எல்லாருக்கும் நன்றி.

ஆய்வகத்_தம்பி:
கடைசி நிப்பிள்ல குளோரின் எவ்வளவு காட்டுது? பி.எச். பார்த்தீங்களா?

ஆய்வகத்_தம்பி:
அண்ணே, வகை வந்துச்சா?