நாகர்கோவில்ல இருந்து கடலும் கோல்ஃபும்: கையைக் கடிக்காத வார இறுதிக்கு எந்த மைதானம்?

பார்வதிபுரம்72 கேட்டது

மக்கா, எல்லாருக்கும் வணக்கம். நம்ம மாவட்டத்துல கோல்ஃப் மைதானம் கிடையாது, தெரியும். ஜனவரி கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நாகர்கோவில்ல இருந்து கிளம்பி, ஞாயிறு சாயங்காலம் வீடு வந்து சேரணும். நாலு பேர், ஒரு கார். ரெண்டு பேருக்கு ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைக் காட்டுற எண், குறையக் குறைய நல்லது) உண்டு, 18-ம் 24-ம். மத்த ரெண்டு பேரும் ரேஞ்சுல பந்தடிச்சுப் பழகினவங்க, மைதானத்துல இறங்கினது இல்ல. ரெண்டு ராத்திரியும் கடல் பக்கத்துல தங்கணும், ஒரு தடவையாவது நல்லபடியா விளையாடணும். ரிசார்ட் விலை நமக்குக் கட்டாது.

திருவனந்தபுரமா, கொச்சியா? முழு ஆட்டம்னா 18 ஹோல், வெறும் 9 ஹோலுக்காகப் போறது தகுமா? போன் பண்ணும்போது என்னவெல்லாம் கேட்டு வச்சுக்கணும்?

வேளிமலை

திருவனந்தபுரம்தான். கவடியாரில் இருக்கும் கோல்ஃப் கிளப் திருவிதாங்கூர் மன்னர்கள் காலத்தது, 9 ஹோல். நாகர்கோவிலில் இருந்து 70 கிலோமீட்டர் சொச்சம். அங்கே இருந்து கோவளம் கடற்கரை 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வந்துவிடும். கொச்சியில் போல்காட்டி தீவில் ஒரு 9 ஹோலும், நெடும்பாசேரி விமான நிலையம் பக்கம் ஒரு 18 ஹோலும் இருக்கின்றன. நெடும்பாசேரி மைதானம் பெரியது என்பது உண்மை. ஆனால் போக மட்டும் 300 கிலோமீட்டர் அளவுக்கு ஆகும். போகவர 600. லிட்டருக்கு 15 ஓடும் கார் என்றால் 40 லிட்டர். திருவனந்தபுரம் போய், கடற்கரையெல்லாம் சுற்றி வந்தாலும் 180 கிலோமீட்டர், 12 லிட்டரில் முடியும். பெட்ரோலை 100 ரூபாய் என்று வைத்தாலே ஆளுக்கு 1000-க்கும் 300-க்கும் உள்ள வித்தியாசம். அதைவிடப் பெரிய நஷ்டம், சனிக்கிழமை பாதி நாள் சாலையிலேயே போய்விடும்.

மலிவு எது என்று பார்க்கும்போது எல்லாரும் கிரீன் ஃபீயை (மைதானத்தில் விளையாடக் கட்டும் கட்டணம்) மட்டும் ஒப்பிடுகிறார்கள். கணக்கு தப்புவது அங்கேதான். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: கிரீன் ஃபீ 1000, கேடி (மட்டைப் பை சுமந்து கூட வருபவர்) 400, மட்டை வாடகை 500, தொலையும் பந்து நாலு, ஒன்று 100 வீதம் 400. மொத்தம் 2300. நீங்கள் ஒப்பிட்ட 1000 அதில் பாதிகூட இல்லை. கிரீன் ஃபீ குறைவாக இருந்து, கேடி கட்டாயம், மட்டை வாடகை அதிகம், இரண்டு பக்கமும் புதர் என்றால் அந்த மைதானம் மலிவே கிடையாது.

போனில் முதலில் கேட்க வேண்டியது விலை இல்லை, உறுப்பினர் அல்லாதவர் அந்த நாளில், அந்த நேரத்தில் இறங்கலாமா என்பது. பெரும்பாலான கிளப்களில் சனி, ஞாயிறு காலை உறுப்பினர்களுக்கு ஒதுக்கியிருக்கும், அல்லது போட்டி இருக்கும். உறுப்பினர் ஒருவர் கூட வர வேண்டுமா, ஹேண்டிகேப் சான்று இல்லாதவரை விடுவார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள். உங்களுடன் வரும் இரண்டு புதியவர்களுக்கு இதுதான் தலையாய கேள்வி. வாசலில் போய் நின்று கேட்டால் பயணமே வீண். அடுத்தது, சொல்கிற கட்டணம் 9 ஹோலுக்கா, இரண்டு சுற்று சேர்த்தா? வரி சேர்ந்ததா? கேடிக்குத் தனியாகக் கையில் கொடுக்கணுமா? கடைசியாக, கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) துளை போட்டு மணல் பரப்பும் வேலை அந்த வாரம் நடக்கிறதா என்று கேளுங்கள். வேருக்குக் காற்று போக அதைச் செய்வார்கள், மைதானத்துக்கு நல்லது. ஆனால் அது ஆறும் வரை புட் அடித்த (குழியை நோக்கி உருட்டிய) பந்து தத்தித் தத்தித்தான் போகும், முழுக் கட்டணம் கொடுத்து அதில் விளையாட வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்லும் நேரம் வெள்ளி பிற்பகல். பகல் 12 மணிக்குக் கிளம்பினால் இரண்டரைக்கு அங்கே. 3.15-க்கு டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) கிடைத்தால், நாலு பேர் 9 ஹோல் முடிக்க இரண்டே கால் மணி, புதியவர்கள் இருப்பதால் இரண்டரை மணி. ஜனவரி கடைசியில் ஆறரை வாக்கில்தான் பொழுது சாயும், வெளிச்சம் போதும்.

9 ஹோல் குறைச்சல் என்று நினைக்காதீர்கள். ஹேண்டிகேப் கணக்குக்கு 9 ஹோல் ஸ்கோரும் செல்லும். முதல் தடவை இறங்குபவருக்குப் பத்தாவது ஹோலில் இடுப்பும் கவனமும் சேர்ந்தே விட்டுப்போகும். அதற்கப்புறம் அடிப்பது பந்துக்கும் காசுக்கும் கேடு.

முட்டம்காத்து

வேளிமலை அண்ணாச்சி மைதானத்தைப் பத்திச் சரியாச் சொல்லிட்டாங்க. தங்குற இடம் பத்தி நான் சொல்லுதேன். கோவளத்துல வார இறுதி வாடகை ஏறி நிக்கும். வெள்ளி ராத்திரியே எல்லை தாண்டி இங்கன வந்துருங்க.

ரோடு இப்படி: போகும்போது மார்த்தாண்டத்துல டேங்கை நிரப்பிக்கிடுங்க. கேரளாவுல பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபா கூடுதல். களியக்காவிளை தாண்டினதும் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழி போகாதீங்க. பாலராமபுரம் சந்திப்புல சாயங்காலம் மாட்டினா அரை மணி நேரம் போச்சு. காரோட்டுல பைபாஸ் ஏறி முக்கோலை, திருவல்லம் வழியா சிட்டிக்குள்ள நுழைஞ்சு கவடியார் போங்க. திரும்பும்போதும் அதே வழி.

முதல் ராத்திரி தேங்காப்பட்டணம் பக்கம். ஆறு கடல்ல சேருற பொழிமுகம் அங்க. சனிக்கிழமை காலையில மேற்குக் கடற்கரை ரோட்டைப் பிடிச்சு குளச்சல், மணவாளக்குறிச்சி வழியா முட்டம் வந்துருங்க. ரெண்டாவது ராத்திரி முட்டம், இல்லேன்னா சொத்தவிளை. சொத்தவிளையில இருந்து நாகர்கோவில் 10 கிலோமீட்டர் அளவுதான், ஞாயித்துக்கிழமை அவசரமே இருக்காது. கன்னியாகுமரி டவுன்ல ரூம் தேடுறதா இருந்தா சபரிமலை சீசன் முடிஞ்ச பிறகு போங்க. கார்த்திகை பிறந்ததுல இருந்து ஜனவரி நடு வரைக்கும் ஐயப்பமார் கூட்டம், அந்த நேரத்துல வாடகை இறங்காது. நீங்க சொன்ன ஜனவரி கடைசி சரியான நேரம்.

மாசம் ரொம்ப முக்கியம். நம்ம பக்கம் ரெண்டு மழையும் உண்டு: ஜூன்ல தொடங்குற தென்மேற்கு, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு. ஐப்பசியில மலிவா ரூம் கிடைக்குதுன்னு போனா, மைதானத்துல தண்ணி நிக்கும். ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். மார்ச் பாதிக்கு மேல மத்தியான வெயில் தாங்காது.

ஒண்ணு கேட்டுக்கிடுங்க. முட்டம் பாறை மேல நின்னு போட்டோ எடுக்காதீங்க. பாறை வழுக்கும், அலை திடீர்னு ஏறும். வானம் தெளிஞ்சு கெடக்கும்போதே கள்ளக்கடல் (திடீர்னு கரைக்கு ஏறி வர்ற பெரிய அலை) வரும். இன்காய்ஸ் (கடல் எச்சரிக்கை விடுற மத்திய அரசு மையம்) எச்சரிக்கை குமரிக் கடற்கரைக்கு இருக்கான்னு அன்னைக்குக் காலையில பாத்துட்டுத்தான் கால் நனைக்கணும். மீனவங்க இறங்காண்டாம்னு சொன்னா இறங்காண்டாம்.

வடசேரி_அயர்ன்7

புதியவர்கள் இரண்டு பேருக்காக இதை எழுதுகிறேன், ஏனென்றால் இவர்களை வைத்துத்தான் அன்றைய ஆட்டம் நல்லபடி போவதும் கெடுவதும்.

ஆளுக்கொரு முழு செட் வேண்டாம். விதிப்படி அதிகபட்சம் 14 மட்டை. முதல் நாளுக்கு ஒரு ஹைப்ரிட், 7 அயர்ன், 9 அயர்ன், ஒரு சாண்ட் வெட்ஜ், ஒரு புட்டர், இந்த ஐந்து போதும். டிரைவரை (தூரமாக அடிக்கும் நீள மட்டை) வீட்டில் வைத்துவிடுங்கள். மரங்களுக்கு நடுவே போகும் மைதானத்தில் புதியவர் கையில் டிரைவர் இருந்தால் பந்துகள் மரத்துக்குள்தான் போகும். பந்து ஆளுக்கு ஆறு எடுத்துக்கொள்ளுங்கள், பழைய பந்தே போதும். தொலைந்த பந்தைத் தேட 3 நிமிடம்தான், 2019-இல் விதியை மாற்றிவிட்டார்கள். போன திசையில் சந்தேகம் இருந்தால் முதலில் ‘தற்காலிகப் பந்து’ என்று வாயால் சொல்லி இன்னொன்று அடிக்க வேண்டும். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்தாகிவிடும், முதல் பந்து கிடைத்தாலும் பயன் இல்லை.

நாலு பேரும் தனித்தனியாக அடித்தால் பின்னால் வரும் குழு காத்து நிற்கும். இரண்டு ஜோடி ஆகுங்கள், ஜோடிக்கு ஒரு பழையவர், ஒரு புதியவர். இருவரும் அடித்து, நன்றாக விழுந்த பந்தின் இடத்தில் இருந்து இருவரும் அடுத்ததை அடிப்பது. இதற்கு ஸ்கிராம்பிள் என்று பெயர். புதியவருக்குப் பயம் போகும், நேரமும் மிச்சம். இந்த ஸ்கோரை ஹேண்டிகேப்புக்குக் கொடுக்க முடியாது, அது ஒன்றுதான் குறை.

கிரீனில் பந்து விழுந்து குழி ஆனால் சரி செய்யத் தெரிந்திருக்க வேண்டும். இதில் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். ஃபோர்க்கை (இதற்கென்றே உள்ள சின்ன முள்கருவி) குழியின் ஓரத்தில் குத்தி, புல்லை நடுப்பக்கமாகத் தள்ள வேண்டும். சுற்றி நாலைந்து இடத்தில் இப்படித் தள்ளி, புட்டரின் அடிப்பாகத்தால் மெதுவாகத் தட்டினால் சமமாகிவிடும். கீழே குத்தி நெம்பி மேலே தூக்கினால் வேர் அறுந்து, அந்த இடம் பழுப்பாகிக் காய்ந்துவிடும். பங்கரில் (மணல் குழி) இருந்து வெளியே வந்ததும் கால் தடத்தை வாரியால் இழுத்துவிடுங்கள். மைதானத்தை இப்படிப் பேணும் விருந்தினரை அடுத்த முறையும் மனதார அழைப்பார்கள்.

உடைக்குக் காலர் வைத்த சட்டை, துணி பேன்ட். ஜீன்ஸும் ரப்பர் செருப்பும் பல இடங்களில் ஆகாது. இரும்பு முள் ஷூ வேண்டாம், சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ இருந்தால் பெரும்பாலும் விடுவார்கள். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பார்வதிபுரம்72

ரொம்ப நன்றி, அண்ணாச்சிமாரே. வெள்ளி பிற்பகலுக்கே கேட்டுப் பாக்கேன். இன்னும் ரெண்டு சந்தேகம். புதுசா வர்றவங்கள்ல ஒருத்தர் இடது கைக்காரர், வாடகை செட் கிடைக்குமா? அப்புறம், சனிக்கிழமை முட்டத்துல கடற்கரை மணல்ல வெட்ஜ் வச்சுப் பழகலாமா? பங்கர் பயிற்சி ஆகும்லா?

வடசேரி_அயர்ன்7

இடது கை செட் வாடகைக்கு இருப்பது அபூர்வம். இருக்கிறது என்று போனில் சொன்னாலும், எந்தெந்த மட்டை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள், ஒரு புட்டரையும் ஒரு 5 அயர்னையும் மட்டும் வைத்துக்கொண்டு ‘செட்’ என்பார்கள். கிடைக்காவிட்டால் பழைய 7 அயர்ன் ஒன்றும் வெட்ஜ் ஒன்றும் வாங்கிவிடுவது மேல். புட்டரில் இரண்டு பக்கமும் தட்டையாக இருக்கும் பழைய வகை உண்டு, அதை எந்தக் கைக்காரரும் பிடிக்கலாம்.

கடற்கரை மணலில் வேண்டவே வேண்டாம். பங்கர் மணல் சலித்துப் போட்டது, உப்பு இருக்காது. நம்ம மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் இருப்பது கருமணல். அதில் இல்மனைட்டோடு கார்னெட்டும் இருக்கிறது, உப்புத்தாளில் ஒட்டுவதும் அதே கார்னெட்தான். பத்து அடி அடித்தால் வெட்ஜின் அடிப்பாகத்தில் கீறல் விழும், முகத்தில் உள்ள கோடுகளுக்குள் ஈர உப்பு போய் உட்காரும். குரோம் பூச்சு இல்லாத வெட்ஜ் என்றால் மறுநாள் காலை துரு. தவிர, மக்கள் நடமாடும் இடத்தில் கெட்டியான பந்து, 45 கிராம் எடை, யார் மேலாவது பட்டால் பெரிய காயம்.

மட்டைகளைச் சனி முழுவதும் கார் டிக்கியிலும் விட்டுவிடாதீர்கள். வெயிலில் டிக்கி சூடாகி, தலைப்பாகத்தைக் குழாயோடு ஒட்டியிருக்கும் எபாக்ஸி பசை இளகலாம். அடிக்கும்போது தலை கழன்று பறக்கவும் கூடும். ரூமுக்குள் கொண்டு வைத்து, நல்ல தண்ணீரில் நனைத்த துண்டால் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை. பிடியை மட்டும் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, நிழலில் காயவிடுங்கள்.

முட்டம்காத்து

கையுறையையும் சேத்துக்கிடுங்க. தோல் கையுறை கடல் காத்துல விறைச்சுப் போகும், வேர்வை காஞ்சதும் ஜிப் கவருக்குள்ள போட்டு வைக்கணும். ரெண்டு இருந்தா மாத்தி மாத்திப் போடலாம்.