கோட்டாறு வரைக்கும் படை வைத்திருந்த சோழர்கள் எப்படி இல்லாமல் போனார்கள்?

கோட்டாற்றுக்காரன்:
எட்டாம் வகுப்பு படிக்கிற என் மகன் நேற்று ராத்திரி கேட்டான், "கடாரம் வரைக்கும் கப்பல் விட்டவங்க எப்படிப்பா தோத்தாங்க?" என்று. பாடத்தில் பாண்டியர் எழுச்சி, உள்நாட்டுக் குழப்பம் என்று ரெண்டே வரிதான் இருக்கிறது, அதை வைத்து எதைச் சொல்ல? ஒழுகினசேரி சோழராஜா கோயில் வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன், நாகர்கோவிலில் இருக்கிற நம்ம கோட்டாறுக்கே ஒரு காலத்தில் மும்முடிச்சோழநல்லூர் என்று பேர் இருந்திருக்கிறது. 1025-ல் கடாரம், 1279-ல் ஆட்சியே முடிந்தது. நடுவில் என்ன ஆச்சு? படித்தவர்கள் யாராவது கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பழையாற்றங்கரை:
அண்ணே, சுருக்கமாகச் சொன்னால் பழிக்குப் பழி. மூன்றாம் குலோத்துங்கன் மதுரையில் பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்து, கழுதை பூட்டி உழுது, கவடி விதைத்தான். அந்த அவமானம் ஆறவில்லை. 1216-ல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சாவூரையும் உறையூரையும் கொளுத்திவிட்டு அதே மாதிரி கழுதை ஏர் பூட்டிக் கவடி விதைத்தான். ஆனால் அத்தனையையும் இடித்தவன், கரிகாலன் ஒரு புலவருக்குப் பரிசாகக் கொடுத்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் தொடாமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு சொல்கிறது. எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்யும்.

குளச்சல் அலை:
பழி வாங்கியது சரி, அதற்கு இடம் கொடுத்தது எது? கடல் வாணிபம் படுத்ததும் பணம் வற்றிப்போயிருக்கும் என்பது என் எண்ணம். 1070 வாக்கில் இலங்கை கையை விட்டுப் போய்விட்டதே.

தோவாளை வாத்தியார்:
தம்பி, இலங்கை போனது உண்மைதான். ஆனால் அதற்கப்புறம் 1077-ல் 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சீனாவுக்குப் போய் 81,800 சரம் செப்புக்காசோடு திரும்பியது. சுங்கம் தவிர்த்த சோழன் என்று பேர் வாங்கிய முதல் குலோத்துங்கன் காலம் அது. அதனால் பணம் வற்றியதை முதல் காரணமாக நான் வைக்க மாட்டேன்.

நம்ம ஊரிலிருந்து பாருங்கள், தெளிவாகத் தெரியும். சோழ அரசன் வீரராஜேந்திரன் தன் வம்சாவளியை நீளமாகக் கல்லில் வெட்டி வைத்தது கன்னியாகுமரி பகவதியம்மன் கோயிலில். அவன் 1070-ல் இறந்தான், மகன் அதிராஜேந்திரன் சில மாதங்களில் போய்விட்டான். அந்தக் குழப்பத்தில் தெற்கு கைநழுவ, குலோத்துங்கன் திரும்ப வந்து கோட்டாற்றை எரித்து, கோட்டாறு உட்பட வழிநெடுக நிலைப்படைகளை வைத்தான். ஊரை ஆள வழியில்லாதபோதுதான் படையை அங்கேயே குடிவைப்பார்கள். அவன் காலம் 1122-ஓடு முடிகிறது. கொல்லம் ஆண்டு 302-ல், அதாவது 1127 வாக்கில், பிற்காலத் திருவிதாங்கூருக்கு முன்னோடியான வேணாட்டின் அரசர் வீரகேரள வர்மா வடசேரி வயல்களை ராஜேந்திர சோழீஸ்வரத்துக்கு எழுதி வைக்கிறார். நீங்கள் தினமும் கடந்து போகிற அதே கோயில்தான். சாமி பெயரில் சோழன் இருக்கிறான், நிலம் எழுதிக் கொடுப்பது வேணாட்டான். அங்கே பெரிய போர் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வடக்கிலும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக. 1116-ல் கர்நாடகத்து ஹொய்சள அரசன் விஷ்ணுவர்த்தனன் சோழர் கையிலிருந்த தலைக்காட்டைப் பிடித்தான். அப்புறம் உள்ளுக்குள்ளே காடவராயர், சம்புவராயர் மாதிரியான குறுநிலத் தலைவர்கள் படையையும் வரியையும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். யாரோடு சேர்வது, யாரை எதிர்ப்பது என்று தங்களுக்குள் உடன்படிக்கை எழுதி, அதற்கு நிலைமைத் தீட்டு என்று பேரும் வைத்து, கோயில் கல்லிலேயே வெட்டினார்கள். அரசன் உயிரோடு இருக்கும்போதே! கடைசியில் 1231 வாக்கில் காடவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் ராஜராஜனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்துவிட்டான். ஹொய்சள நரசிம்மன் படை அனுப்பித்தான் மீட்க வேண்டியிருந்தது, திருவயிந்திரபுரம் கல்வெட்டு அந்தப் படை வந்த வழியை ஊர் ஊராகச் சொல்கிறது. சொந்தக் குறுநில மன்னன் சிறைபிடிக்க, பக்கத்து ராஜா வந்து மீட்ட நாளிலேயே சோழ அரசு முடிந்துவிட்டது என்பதுதான் என் கருத்து. மிச்சம் இருந்த ஐம்பது வருஷம் ஹொய்சளன் தயவும் பாண்டியன் தயவும்.

பழையாற்றங்கரை:
வாத்தியார் சொன்னதைப் பார்த்தால் நான் சொன்ன பழி ரெண்டாம்பட்சம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாண்டியருக்குள் 1160-களில் வந்த வாரிசுச் சண்டையில் ஒரு பக்கம் இலங்கைப் படையும் மறுபக்கம் சோழப் படையும் இறங்கி வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். படைக்குச் சோழர்கள் குறுநிலத் தலைவர்களை நம்பித்தானே இருந்தார்கள், அவர்கள் கை ஓங்கக் கேட்பானேன்.

கோட்டாற்றுக்காரன்:
ரொம்ப நன்றி சார். இன்று காலையிலேயே பையனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சோழராஜா கோயிலுக்குப் போனேன். கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு, அவன் விரலை வைத்துத் தடவித் தடவி "இது என்ன எழுத்து" என்று கேட்டுக்கொண்டே வந்தான். வடசேரி என்று எந்த இடத்தில் வருகிறது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருநாள் நீங்கள் கூட வர முடியுமா? தோவாளையில் வந்து நானே அழைத்துப் போகிறேன்.