நேஷனல் கம்பெனியைத் தொடங்கியது ஒருவரா, மூவரா?

கொட்டகலைக்காரன் | இரவு 8.12
நேற்று இங்கே ஒருவர், "மலையகத்தில் குடும்பமாகச் சேர்ந்து பிளக், ஹோல்டர் செய்கிற சின்னத் தொழில் ஒன்றைத் தொடங்கலாமா?" என்று கேட்டிருந்தார். என் பதில்: வேண்டவே வேண்டாம். குடும்பத்தை உள்ளே விட்டால் தொழில் உருப்படாது. நம்ம ஆட்கள் சீட்டுப் பிடித்து வாங்கிய நேஷனல் ரேடியோவும் ரைஸ் குக்கரும் நினைவிருக்கிறதா? இன்றைக்கு அது பானசோனிக். அந்தக் கம்பெனியை 1918இல் ஒசாகாவில் மட்சுஷிதா கொனொசுகே என்ற ஒரே மனிதர் தனியாகத் தொடங்கினார். கையில் இருந்த சேமிப்பு ஏறக்குறைய 100 யென். மாமன் கிடையாது, மச்சான் கிடையாது. தனி ஆளாக ஜெயித்தார்.

ஹட்டன் வயர்மேன் | 8.31
தம்பி, "மச்சான் கிடையாது" என்று எப்படித் துணிந்து எழுதினீர்கள்? மச்சான் இருந்தார். மனைவியின் கூடப்பிறந்த தம்பி, பெயர் இயுவே தோஷியோ. மனைவி முமெனோவும் இருந்தார். 1918 மார்ச் 7ஆம் தேதி அந்தப் பட்டறை தொடங்கியபோது அதில் மூன்று பேர். அதற்கு முந்தின வருஷம் இரண்டு அறை வாடகை வீட்டில், தரைப்பலகையைப் பெயர்த்து வேலைக்கு இடம் பண்ணியபோதும் இந்த மூன்று பேரும் இருந்தார்கள். ஒருவர் இல்லை. மூன்று பேர்.

கொட்டகலைக்காரன் | 8.40
அண்ணே, அந்த மச்சான் பிறந்தது 1902 டிசம்பரில். 1918 மார்ச்சில் அவருக்கு 15 வயசு. மீசை முளைக்காத பையன். கைவேலைக்கு வந்த பையனை "தொடங்கியவர்" என்று சொல்வதென்றால், நம்ம ஊரில் எத்தனை கடையை எத்தனை பையன்கள் தொடங்கியிருப்பார்கள்! யோசனை யாருடையது? மட்சுஷிதாவுடையது. பணம் யாருடையது? மட்சுஷிதாவுடையது. பெயர்ப்பலகையில் யார் பெயர்? மட்சுஷிதா. ஒருவர்தான்.

பதுளை டீச்சர் | 8.52
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். தொடங்கினார் என்றால் என்ன அர்த்தம்? முதல் போட்டவரா, வேலை செய்தவரா, பதிவில் பெயர் உள்ளவரா? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீரும். இன்னொன்றும் இருக்கிறது. 1917இல் மட்சுஷிதா ஒசாகா மின்விளக்குக் கம்பெனியை விட்டு வெளியே வந்தபோது அவரோடு பழைய சகாக்கள் இரண்டு பேரும் சேர்ந்தார்கள். அவர்கள் செய்த முதல் சாக்கெட், அதாவது பல்பு மாட்டுகிற ஹோல்டர், நூறு அளவில்தான் விற்றது. வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாமல் அந்த இரண்டு பேரும் விலகிவிட்டார்கள்.

கொட்டகலைக்காரன் | 8.55
அப்போ ஐந்து பேர் என்று சொல்லுங்களேன் வயர்மேன் அண்ணே! உங்கள் கணக்குப்படி ஓடிப்போனவர்களையும் சேர்க்க வேண்டும்.

ஹட்டன் வயர்மேன் | 9.10
ஓடிப்போனவர்களை நான் எதற்குச் சேர்க்க வேண்டும்? போனவர்கள் போகட்டும், நின்றவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி. அந்த சாக்கெட் விற்காமல் கிடந்த மாதங்களில் முமெனோ தன் கிமோனோவை அடகுக் கடையில் வைத்தார். 1917 கடைசியில் மின்விசிறிக்குக் கரண்ட் பாயாத இன்சுலேட்டர் தட்டு 1000 வேண்டும் என்று ஓர் ஓடர் வந்தது, அப்போதுதான் மூச்சு வந்தது. அந்தத் தட்டை எப்படிச் செய்வார்கள் தெரியுமா? தார், கல்நார், கல்பொடி எல்லாம் கலந்து சூடாக்கி, கொதிக்கிற பதத்தில் அச்சில் போட்டு அழுத்த வேண்டும். கலவை பிசகினால் தட்டில் விரிசல் விழும். புகை கண்ணைப் பிடுங்கும். நான் சின்ன வயசில் உடைந்த சுவிட்ச் மூடிகளை அடுப்பில் போட்டு வேடிக்கை பார்த்து அடி வாங்கியவன், அந்த நாற்றம் எனக்குத் தெரியும். அதை இரண்டு அறை வீட்டில், சமைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் செய்தார்கள். மட்சுஷிதா அச்சை அழுத்தினார், பையன் துடைத்து மெருகேற்றினான். வேலை செய்த கைகளை எண்ணுங்கள். தங்கி வேலை செய்ய ஆட்கள் வந்த பிறகு அத்தனை பேருக்கும் சோறு ஆக்கியது யார்? முமெனோ. மூன்று பேர் தம்பி, மூன்று பேர்.

தலவாக்கலை லைட் | 9.18
அண்ணே, பட்டறை தொடங்கி அவர்கள் முதலில் செய்த பிளக் என்ன சாமான்? பல்பு ஹோல்டரில் மாட்டுவதா?

ஹட்டன் வயர்மேன் | 9.34
ஆமாம் தம்பி, நல்ல கேள்வி. அந்தக் காலத்து ஜப்பான் வீடுகளில் சுவரில் பிளக் பொயின்ட் கிடையாது. கூரையில் தொங்குகிற ஒரே ஒரு பல்பு ஹோல்டர்தான். மின்விசிறியோ இஸ்திரிப் பெட்டியோ போட வேண்டுமென்றால் பல்பைக் கழற்றிவிட்டு அதே ஹோல்டரில்தான் வயரை மாட்ட வேண்டும். அதற்கான பிளக்கை இவர்கள் பழைய பல்பின் பித்தளை மூடியை எடுத்துச் செய்தார்கள். அதனால் மற்றவர்கள் விற்றதைவிட ஏறக்குறைய 30 வீதம் மலிவு. அடுத்து வந்தது இரண்டு வாய் வைத்த சாக்கெட், பல்பும் எரியும், இன்னொரு சாமானும் ஓடும். இதெல்லாம் ஏற்கெனவே சந்தையில் இருந்த சாமான்தான். புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, திருத்திச் செய்தார்கள்.
நம்ம லயக் காம்பராவிலும் (தோட்டத்து வரிசை வீட்டின் அறை) இதே கதைதானே? ஒரே ஹோல்டர், அதிலிருந்து வயர் இழுத்து ரேடியோ, அதே வயரில் கேத்தல். எத்தனை காம்பராவில் கருகிய ஹோல்டரைக் கழற்றியிருக்கிறேன். பின் இரண்டும் வெந்து உள்ளே போயிருக்கும், வயரின் ரப்பர் கையில் பொடியாக உதிரும்.

தலவாக்கலை லைட் | 9.41
லயத்தில் ஹோல்டர் இருந்தால்தானே அண்ணே கருகும்! லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. கெஹெல்கமு ஓயாவை நோர்ட்டன் பிரிட்ஜில் மறித்து கரண்ட் எடுத்தார்கள். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே அதற்குக் கணக்குப் போட்டுக் கட்டுரை வாசித்தார், மட்சுஷிதா பட்டறை தொடங்கிய அதே வருஷம். தண்ணீர் நம்ம மலையிலிருந்து போனது, கரண்ட் கொழும்புக்குப் போனது. எங்கள் அப்பாயி குப்பி லாம்பிலேயே செத்துப் போனார்.

பண்டாரவளை ஹார்ட்வெயார் | 9.47
அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? தோட்டத்து பங்களாவுக்கும் ஃபெக்டரிக்கும் கரண்ட் எப்போதோ வந்துவிட்டது. லயத்துக்கு இழுக்காதது துரைமார் குற்றமா, சங்கத்துக்காரர்கள் குற்றமா என்று பேசினால் விடிந்துவிடும்.

தலவாக்கலை லைட் | 9.50
விடியட்டும். கடைக்காரர்களுக்கு அது சின்ன விஷயமாகத்தான் இருக்கும். மண்ணெண்ணெய் விற்ற காசு அல்லவா.

பண்டாரவளை ஹார்ட்வெயார் | 9.53
என் கடையில் மண்ணெண்ணெய் விற்றதே இல்லை. இப்படித்தான் போன மாசமும் ட்ரிப் சுவிட்ச் விலை பற்றி எழுதி என் வியாபாரத்தைக் கெடுத்தீர்கள். நான் மறக்கவில்லை.

கொட்டகலைக்காரன் | 9.58
விஷயத்துக்கு வருவோம். அந்த மச்சான் கடைசியில் என்ன செய்தார் என்று வயர்மேன் அண்ணன் சொல்லவே இல்லையே? 1947இல் தனியாகப் போய் சான்யோ கம்பெனியைத் தொடங்கினார். முதல் சரக்கே சைக்கிள் டைனமோ லாம்பு. மட்சுஷிதாவுக்குப் பெயர் வாங்கித் தந்ததும் சைக்கிள் லாம்புதான். மச்சானை வளர்த்துவிட்டால் எதிர்க்கடை போடுவான், வேறென்ன?

ஹட்டன் வயர்மேன் | 10.15
எதிர்க்கடையா? போர் முடிந்த பிறகு அங்கே ஆக்கிரமிப்பு நிர்வாகம் நடந்தது. பெரிய கம்பெனிகளின் நிர்வாகிகள் பதவியை விட்டு விலக வேண்டும் என்று உத்தரவு வந்த காலம் அது. மட்சுஷிதாவையே விலக்கப் பார்த்தார்கள். அவருடைய கம்பெனித் தொழிற்சங்கம் கையெழுத்து திரட்டி, எங்கள் முதலாளியை விடுங்கள் என்று மனுக் கொடுத்தது. அப்படிப்பட்ட நேரத்தில் மச்சான் வெளியே போய் வேறு கம்பெனி தொடங்கினார். முப்பது வருஷம் அக்கா புருஷனோடு நின்றவர். 14 வயசில் வந்து 44 வயசு வரைக்கும்! அந்த முப்பது வருஷத்தைப் பையன் என்ற ஒரு வார்த்தையில் துடைத்துவிட்டீர்கள்.
சைக்கிள் லாம்பு என்றீர்களே, அதையும் சொல்கிறேன். 1923இல் வந்த லாம்பு அது, பார்க்கத் துப்பாக்கி ரவை மாதிரி இருக்கும். அதுவரைக்கும் இருந்த பெட்டரி லாம்புகள் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் அணைந்துவிடும். இது 30 முதல் 40 மணித்தியாலம் எரிந்தது. மொத்த வியாபாரிகள் நம்பவில்லை. அதனால் சைக்கிள் கடைகளில் காசு வாங்காமல் கொண்டுபோய்க் கொடுத்து, ஒன்றை எரியவிட்டு வைத்தார்கள். எத்தனை மணிக்கு அணைகிறது என்று கடைக்காரனே பார்த்துக்கொள்ளட்டும், நம்பிக்கை வந்தால் காசு கொடுக்கட்டும் என்று. நேஷனல் என்ற பெயர் அதற்கும் பிறகு, 1927இல் வந்த சதுர லாம்பில்தான் ஒட்டினார்கள்.

பதுளை டீச்சர் | 10.21
இதைத்தான் கேட்டேன். குடும்பத் தொழில் என்றால் என்ன என்று யாராவது சொல்லுங்கள். 1961இல் தலைவர் நாற்காலி மருமகன் மசஹருவுக்குப் போனது. 1977இல்தான் குடும்பத்தில் சேராத ஒருவர், யமாஷிதா, தலைவரானார். அதுவும் 26 இயக்குநர்களில் வரிசையில் 25ஆவது இடத்தில் இருந்தவர். அப்படியானால் 1977 வரைக்கும் அதைக் குடும்பக் கம்பெனி என்று சொல்லலாமா, கூடாதா?

பண்டாரவளை ஹார்ட்வெயார் | 10.24
டீச்சர், இது வகுப்பறை இல்லை.

கொட்டகலைக்காரன் | 10.26
1977ஐ விடுங்கள் டீச்சர், பேச்சு 1918ஐப் பற்றி. 1918இல் ஒருவர்.

ஹட்டன் வயர்மேன் | 10.27
1918இல் மூன்று பேர்.

பண்டாரவளை ஹார்ட்வெயார் | 10.31
வயர்மேன் அண்ணே, இன்றைக்கு மட்டும் நீங்கள்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். மற்றவர்களும் பேசட்டும். ஹட்டனில் கடை வைத்தவர்களுக்கு மட்டும்தான் எலக்ட்ரிக் தெரியுமா?

ஹட்டன் வயர்மேன் | 10.49
தெரிந்ததை எழுதுகிறேன், உங்கள் கையை யாரும் பிடிக்கவில்லை. ஏன் எனக்கு இத்தனை கோபம் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடையை அப்பா தொடங்கினார் என்றுதான் டவுனில் எல்லாரும் சொல்வார்கள். பலகையில் அப்பா பெயர். ஆனால் முதல் சுருள் வயரும் இரண்டு டசன் ஹோல்டரும் வாங்க அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். கொழுந்து எடுத்துச் சேர்த்த காசில் வாங்கிய தோடு. அடகுச் சீட்டை அம்மா சேலைப் பெட்டியில் இன்னும் வைத்திருக்கிறார், மடிப்பில் கிழிந்து நாலு துண்டாகிவிட்டது. தோடு மீளவில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, தோட்டத்து வேலை முடிந்து வந்து ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் எங்களோடு வயர் இழுத்தார். அவர் பெயரும் எங்கேயும் இல்லை. யாராவது "தனி ஆளாக" என்று எழுதினால் எனக்கு அந்தச் சீட்டுத்தான் கண்ணில் நிற்கிறது. ஒசாகாவிலும் ஒரு பெண் அடகு வைத்தார், ஒரு மச்சான் நின்றார். எழுதுகிறவர்கள் அதைச் சேர்த்து எழுத வேண்டும்.

கொட்டகலைக்காரன் | 11.05
அண்ணே, உங்கள் அம்மாவை நான் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். நானும் ஒரு மாமா கடையில்தான் 16 வயசில் சேர்ந்தேன். எந்தக் கடை, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். ஆறு வருஷம். "நம்ம கடைதானே" என்று சொல்லிச் சொல்லிச் சம்பளம் என்று ஒன்று தந்ததே இல்லை. தீபாவளிக்கு ஒரு சட்டை. கேட்டபோது, "நீயும் முதலாளி மாதிரிதானே" என்றார். பிரியும்போது கைக்கு வந்தது பஸ் காசு. அதனால்தான் சொல்கிறேன், 15 வயசுப் பையனை "அவனும் சேர்ந்து தொடங்கினான்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் வேலைக்காரன். கூலி கொடு. தொடங்கியவர் ஒருவர்.

பதுளை டீச்சர் | 11.11
தம்பி, இதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

ஹட்டன் வயர்மேன் | 11.16
கூலி கொடுக்காத மாமா தப்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்காக இயுவேயைக் கணக்கிலிருந்து எடுக்க முடியாது. அந்தப் பையன் பின்னால் சான்யோவையே கட்டியவர். வேலைக்காரப் பையன் என்று எழுதினதைத் திருத்துங்கள்.

கொட்டகலைக்காரன் | 11.19
திருத்த மாட்டேன். அந்த சான்யோவே 2009இல் பானசோனிக் கைக்கு வந்துவிட்டது. கடைசியில் நின்றது மட்சுஷிதாவின் கம்பெனி.

ஹட்டன் வயர்மேன் | 11.22
பானசோனிக் வாங்கியது 2009இல். நீங்கள்தானே பேச்சு 1918ஐப் பற்றி என்றீர்கள்? 1918க்கு வாருங்கள். மூன்று பேர்.

தலவாக்கலை லைட் | 11.25
லக்சபான பற்றி நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பண்டாரவளை ஹார்ட்வெயார் | 11.27
மண்ணெண்ணெய் பற்றி எழுதினதை முதலில் எடுங்கள். பிறகு பதில் சொல்கிறேன்.

தலவாக்கலை லைட் | 11.28
எடுக்க மாட்டேன்.

கொட்டகலைக்காரன் | 11.34
நாளைக்கு விடிகாலை நுவரெலியாவில் வயரிங் வேலை இருக்கிறது, தூங்கப் போகிறேன். என் பதிவு அப்படியே இருக்கும். ஒருவர்.

ஹட்டன் வயர்மேன் | 11.36
போய்த் தூங்குங்கள் தம்பி. பழைய வீடு என்றால் மெயின் சுவிட்சை அணைக்காமல் கை வைக்காதீர்கள், எர்த் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூன்று பேர்.