நாகஸ்வரத்துக்கு வெளியரங்கு போதுமா?

சீவாளி: சிங்கப்பூர் எஸ்பிளனேட் கலைமையத்தின் இந்தியக் கலைவிழாவான கலா உத்சவத்தைப் பற்றிப் போன வாரம் பேசிக்கொண்டிருந்தபோது ஜூரோங்வாசி ஒரு முத்து உதிர்த்தார். "நாதஸ்வரம் நாட்டுப்புற வாத்தியம், எஸ்பிளனேடின் இலவச வெளியரங்கில் வைத்தால் போதும், உள்ளரங்கு சாஸ்திரீய சங்கீதத்துக்கு." அதைப் படித்ததிலிருந்து கோப்பி தொண்டையில் இறங்கவில்லை. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை ஒருமுறையாவது கேட்டிருக்கிறீரா ஐயா? மணிக்கணக்கில் ஒரே ராகத்தை ஆலாபனை செய்தவர் வாசித்தது நாட்டுப்புறமா?

ஜூரோங்வாசி: கேட்டிருக்கிறேன். மரியாதையும் உண்டு. ஆனால் அது வெட்டவெளியில் வாசிக்கவென்றே பிறந்த கருவி. வெட்டவெளிக் கருவி வெட்டவெளியில் இருக்கட்டும் என்றேன், அதில் என்ன தப்பு?

பூன்லே_பொண்ணு: இலவசமாக இருந்தால் எனக்கு எதுவானாலும் சரி 😂

சீவாளி: வெட்டவெளியாம்! தாவரவியல் பூங்காவில் சிம்பொனிக்காரர்கள் புல்தரைக்கு முன்னால் மேடை போட்டு இலவசமாக வாசிக்கிறார்களே, அப்போது பீத்தோவன் என்ன, தெம்மாங்கா? சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற உருப்படியை நாகஸ்வரத்தில் வாசிப்பார்கள். தாளக் கணக்கு புரியாதவன் அதில் நாலு அடி கூட நடக்க முடியாது. வீதியில் வாசிக்கிறார்கள் என்பதற்காக இலக்கணம் கழன்று விழுந்துவிடுமா? வயலினைப் பாருங்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, பாலுசுவாமி தீட்சிதர் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குள் இழுத்தார், இன்று அதை யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. கோயிலிலேயே பிறந்து வளர்ந்த வாத்தியத்துக்கு மட்டும் வாசலா?

ஜூரோங்வாசி: வயலினை வீதியில் நடந்துகொண்டா வாசிக்கிறார்கள்? வெட்டவெளி என்பதுதான் என் கேள்வி, அதற்குப் பதில் இல்லை.

தேக்கா_மணி: சின்னத் திருத்தம், நாதஸ்வரம் இல்லை, நாகஸ்வரம்.

ஜூரோங்வாசி: வந்துவிட்டார் வாத்தியார். போன வருடம் என் "உற்சவம்" எழுத்துப்பிழையையும் இவர்தான் பிடித்தார்.

தேக்கா_மணி: பிழை செய்தது நீங்கள், கோபம் மட்டும் என் மேல்.

உறுமி_பையன்: நாட்டுப்புறம் என்றால் என்ன, கேவலமா? இரண்டு அண்ணன்களும் அந்தச் சொல்லைத் தீட்டு மாதிரி தள்ளிவிடுகிறீர்கள். தைப்பூச ஊர்வலத்தில் 1973ல் வாத்தியத்தை நிறுத்தி, 2016ல்தான் பாதையில் மூன்று இடத்தில் விட்டார்கள். அத்தனை வருடம் எங்களுக்காக இங்கே யார் வாயைத் திறந்தீர்கள்?

சீவாளி: தம்பி, அது வேறு பஞ்சாயத்து, அப்புறம் வருகிறேன். ஜூரோங்வாசிக்கு இன்னொன்று: பழைய திமிரி நாகஸ்வரம் குட்டை, சுருதி உச்சம். ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாகஸ்வரத்தைக் கையில் எடுத்ததே சுருதியை இறக்கத்தான், அதோடுதான் கச்சேரி மேடையில் உட்கார்ந்தார். உம்முடைய வெட்டவெளி அன்றைக்கே முடிந்த கதை.

உறுமி_பையன்: "அப்புறம்". எப்போதும் அப்புறம்தான்.

ஜூரோங்வாசி: எஸ்பிளனேடின் சின்ன அரங்கில் 245 இருக்கை. அங்கே தவில்காரர் ஒரு கையில் கழியும் மறு கை விரல்களில் உறை மாதிரிக் கூடும் போட்டு வெளுத்தால் முதல் வரிசையில் நீங்கள் உட்காருங்கள், நான் கல்லாங் எம்ஆர்டியில் இருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

சீவாளி: உட்காருவேன், டிக்கெட்டும் வாங்குவேன். இசைவிழா என்ற பேச்சு எடுத்தாலே "இலவசமா, ஏர்கான் உண்டா" என்று கேட்கிற கூட்டம் இல்லை நான்.

பூன்லே_பொண்ணு: அண்ணே, அது எனக்கா?

சீவாளி: பொதுவாகச் சொன்னேன்.

பூன்லே_பொண்ணு: பொதுவாக என்றால் எனக்குத்தான். ஃபோர்ட் கானிங் புல்வெளியில் வோமாட் உலக இசைவிழா நடந்த காலத்தில் காசு கொடுத்து மழையில் நனைந்தவள் நான், தெரிந்துகொள்ளுங்கள்.

தேக்கா_மணி: தவில் தோலில் மழைத்துளி பட்டால் தொய்ந்துவிடும், அந்த வகையில் வெட்டவெளி...

ஜூரோங்வாசி: பார்த்தீர்களா, மணியே வெட்டவெளிக்கு வந்துவிட்டார்.

தேக்கா_மணி: நான் எங்கேயும் வரவில்லை! கூடாது என்று சொல்லத்தான் வந்தேன். முழுதாக எழுத விடுங்கள்.

சீவாளி: அவர் என்றைக்கு யாரை எழுத விட்டார்? மல்லாரிக்குப் பதில் இன்னும் வரவில்லை, ஐயா.